சீரோடு வந்த குரங்குகள்

ஏற்காடு,
9-6-1997

மதிப்பிற்குரிய சம்பந்தி காளியண்ணன் அவர்களுக்கு சுப்பிரமணி வணக்கத்துடன் எழுதியது.

நேற்று செம்மநத்தத்தில் உங்கள் வாசலில் ஊரே பார்க்க என் வேட்டி அவிழ்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட டிராயரை வெளியூர் போகும்போது போடாதீர்கள் என்று பழனியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். அவள் பேச்சைக் கேட்காததன் பலனை உங்கள் பக்கத்து வீட்டுப் பூவாயி வரைக்கும் பார்த்துவிட்டார்கள்.

நான் வந்த காரியம் வேறு. மகள் ராஜேஸ்வரிக்கு ஏழாம் மாதம் பிறக்கிறது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து வளையல் போட நாள் கேட்கத்தான் பழத்தட்டோடு வந்தேன். தட்டை உங்கள் முன்னால் வைப்பதற்குள் ஓட்டின் மேலிருந்து அந்த மொட்டைவால் குரங்கு குதித்தது. வயிற்றில் ஒட்டிக்கொண்டு குட்டி வேறு. வேட்டியைப் பிடித்து மடியில் ஏறி, சட்டையின் பக்கப் பையில் கையை விட்டு, பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. அது இறங்கியபோது வேட்டியும் இறங்கியது.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மாரிசாமி, மாமனாரின் மானத்தைக் காக்க நினைத்தாரோ என்னவோ, மாட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சிரித்தார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க சம்பந்தி, இது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டீர்கள். இந்தக் குரங்கை நான் பார்த்ததே இல்லை என்றேன். அது அப்போது என் முழங்காலில் சாய்ந்து பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது.

பதற்றத்தில் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறிவிட்டேன். செருப்பு போகட்டும். பழத்தட்டை ஏற்றுக்கொண்டீர்களா, நாள் எப்போது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சுப்பிரமணி


செம்மநத்தம்,
13-6-1997

ஏற்காடு ஏரிக்கரை டீக்கடை சுப்பிரமணி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பழத்தட்டு காலியாக இருக்கிறது. பழத்தை யார் தின்றார்கள் என்று உங்களுக்கே தெரியும். செருப்பு ஓட்டின் மேல் இருக்கிறது. அதை எடுக்க என் மகன் ஏறி, மூன்று ஓடு உடைந்தது.

நான் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொய் சொல்கிறவர்களைப் பார்த்தே தலை நரைத்தது. அந்தக் குரங்கு உங்கள் வலது பையைத் தொடவில்லை. நேராக இடது பைக்குப் போனது. ஒருவன் எந்தப் பையில் பிஸ்கட் வைப்பான் என்பது, அவனோடு பழகாத குரங்குக்குத் தெரியாது.

போன மாதம் கோடை விழாவுக்கு முன்னால் ஒரு விடிகாலையில் எங்கள் ஊருக்கு மேலே உள்ள வளைவில் ஒரு வேன் நின்றதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். வேன் போன பிறகு அங்கே கிடந்தது ரொட்டி அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி. உங்கள் கடை வாசலில் அதே நிறத்தில் அதே பெட்டி இருப்பதை நிச்சயத்துக்கு வந்தபோதே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கும் குரங்கு வரும். பலாப்பழக் காலத்தில் வரும், தின்னும், ஒரு அதட்டுப் போட்டால் ஓடும். நீங்கள் அனுப்பியவை அதட்டினால் உட்கார்ந்து கையை நீட்டுகின்றன. கல்லெறிந்தால் தின்கிற சாமானா என்று எடுத்து மோந்து பார்க்கின்றன. காட்டில் என்ன தின்பது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. கதவுத் தாழ்ப்பாள் எப்படித் திறப்பது என்று எல்லாவற்றுக்கும் தெரிகிறது. என் தோட்டத்தில் பட்டர் புரூட் பிஞ்சில் ஒன்று மிச்சமில்லை. ஒரு கடி கடித்துக் கீழே போடுகின்றன. கொய்யாவும் போனது.

ஊரில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "காளியண்ணா, கல்யாணத்துல வராத சீரெல்லாம் இப்பத்தான் வேன்ல வருதாட்டம் இருக்குது" என்கிறார்கள். முப்பது வருஷம் ஆளை மேய்த்தவன் நான். இப்போது என்னைப் பார்த்துச் சிறுசுகள் எல்லாம் உடம்பைச் சொறிந்து காட்டுகிறார்கள்.

ஏற்றி வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போகட்டும். குரங்கு எந்த ஜீப்பில் ஏறி ஊரை விட்டுப் போகிறதோ அதே ஜீப்பில் உங்கள் மகளை அனுப்புகிறேன். அதுவரை நாள் பார்ப்பதற்கில்லை.

காளியண்ணன்


ஏற்காடு,
17-6-1997

சம்பந்தி அவர்களுக்கு,

சரி, தெரிந்த குரங்குதான். இடது பை விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன். எட்டாம் வகுப்பைத் தாண்ட முடியாதவன் ரைட்டரிடம் வழக்காடினால் இப்படித்தான்.

கடைக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் பிடிக்கச் சொன்னோம். சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளையை ஒரு கடுவன் குரங்கு கடித்துவிட்டது. விழாவுக்குள் ஏரிக்கரை சுத்தமாக வேண்டும் என்று சத்தம் எழுந்தது. எங்கள் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: குரங்கு என்றால் காடு, காடு என்றால் மேலே. சேர்வராயன் கோயிலுக்கு அந்தப் பக்கம் அடர்ந்த இடமாகப் பார்த்து விடச் சொன்னோம். வேன்காரர் பாதி வழியில் கூண்டுக்குள் சண்டை வந்து பயந்து, உங்கள் வளைவிலேயே கதவைத் திறந்துவிட்டார். உங்கள் ஊர் என்று தெரிந்து செய்ததில்லை. மகளைக் கொடுத்த ஊரில் யாராவது குரங்கைக் கொட்டுவார்களா?

ஆனால் நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இவை ஏரிக்கரைக்கு எப்படி வந்தன? நான் கடை போட்ட புதிதில் அங்கே ஒரு குரங்கு கிடையாது. நீங்கள் ரைட்டராக இருந்த எஸ்டேட்டில் பலாவும் அத்தியும் ஆலும் விழ விழ, அந்த இடத்தில் எல்லாம் சில்வர் ஓக் நட்டீர்கள். காபிக்கு நிழல், மிளகுக்குக் கொழுகொம்பு, கடைசியில் பலகை. முதலாளிக்கு மூன்று லாபம். சில்வர் ஓக்கில் குரங்கு எதைத் தின்னும்? டப்பாவில் அரக்குப் பெயிண்டைத் தொட்டு, வெட்ட வேண்டிய மரத்துக்கெல்லாம் அடையாளம் போட்டவர் யார்? கல்யாணப் பேச்சில் நீங்களே பெருமையாகச் சொன்னீர்களே.

வயிறு காய்ந்து இறங்கி வந்த குரங்குக்கு நான் ஒரு பன் போட்டேன். அதுதான் நான் செய்த குற்றம். அப்புறம் டூரிஸ்டுகள் அதற்குப் போடவே என்னிடம் பன் வாங்கினார்கள். உண்மையைச் சொன்னால் பாதி வியாபாரம் குரங்கால்தான். மொட்டைவால் என் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மாதிரி ஒரு வேலைக்காரனும் செய்ததில்லை. கெடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். பட்டினி போட்டது நீங்கள்.

குரங்கு வழக்கை நாம் எத்தனை காலம் வேண்டுமானாலும் நடத்தலாம். பிள்ளை அதுவரைக்கும் காத்திருக்காது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ராஜேஸ்வரியை இதில் இழுக்காதீர்கள்.

சுப்பிரமணி


செம்மநத்தம்,
22-6-1997

சுப்பிரமணி அவர்களுக்கு,

மரத்தைப் பற்றி நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலாளி சொன்னார், நான் அடையாளம் போட்டேன். போடாவிட்டால் வேறு ஒரு ரைட்டர் போட்டிருப்பார். நான் சம்பளத்துக்குச் செய்தேன், நீங்கள் பன் விற்கச் செய்தீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

நேற்று உங்கள் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பின்வாசலில் நின்று மகளோடு அழுதுவிட்டுப் போனது எனக்குத் தெரியும். வாசல் வழியாக வந்திருந்தால் காபி கொடுத்திருப்பேன். திருட்டுத்தனமாக வருகிற பழக்கம் குரங்கிடமிருந்து உங்களுக்கு வந்ததா, உங்களிடமிருந்து குரங்குக்கு வந்ததா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர்க்கூட்டம் போட்டோம். இங்கே யாரோ குரங்குக்குச் சோறு வைக்கிறார்கள் என்று சந்தேகம். அதனால்தான் அவை காட்டுக்குள் போகாமல் ஊரைச் சுற்றுகின்றன. யார் வைத்தாலும் அந்த வீட்டை ஒதுக்கிவைப்பது, குழாயில் தண்ணீர் கிடையாது, கோயில் நோம்பியில் பங்கு கிடையாது என்று முடிவானது. அதை எடுத்துச் சொன்னவன் நான். ஊர்ப் பெரியவர் பெரியசாமி, "உங்க மருமக டவுனுக்காரப் புள்ள, பாத்துக்கங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உங்களால் என் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு. அவள் குரங்கு இருக்கிற பக்கமே போவதில்லை. நான் அதற்குச் சாட்சி.

பகல் முழுவதும் தோட்டத்துக் காவல் கொட்டகையில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரி மாதம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வீட்டில் உட்கார்ந்து என்ன வேலை. மாரிசாமி வேலைக்குப் போகிறான். எனக்குப் பேச்சுத் துணை உங்கள் குரங்குகள்தான். பட்டாசு போட்டால் மற்றவை ஓடுகின்றன. மொட்டைவால் ஓடுவதில்லை. அதற்கு இடது கை விளங்காது. விரல் மடங்கியே இருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு தின்னாது. இடி இடித்தால் குட்டியை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு நடுங்குகிறது, மனுசியைப் போல. அதற்காக எனக்கு அதன் மேல் இரக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரியைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்வது வேறு.

கூண்டு எப்போது வரும்? அதை மட்டும் எழுதவும்.

காளியண்ணன்


ஏற்காடு,
25-6-1997

காளியண்ணன் அவர்களுக்கு,

பழனியம்மாளை நீங்கள் பேசியிருக்கக் கூடாது. என்னைப் பேசுங்கள். நான் பேச்சு வாங்கவே பிறந்தவன், டிராயரோடு நின்றும் சிரித்தவன். பெற்றவள் மகளைப் பார்க்கப் பின்வாசலுக்கு வந்தாள் என்றால், முன்வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுதான் காரணம். வந்ததிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

வனத்துறை ஆட்களிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். முன்பு கேட்காமல் செய்ததற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். மலைக்கு அடியில் ஊர் எதுவும் இல்லாத காட்டுப் பக்கம், அத்தி மரம் உள்ள ஓடையோரம் விடச் சொல்கிறார்கள். கூடவே ஆள் வரும். மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் விடவேண்டுமாம், பிரித்தால் பிழைக்காதாம். ஆடி பிறப்பதற்கு முன், ஜூலை ஆறாம் தேதி வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு நீங்கள் தோட்டத்தில் நிற்க வேண்டாம். மொட்டைவால் என் குரலுக்கு வரும். உங்களைப் பார்த்தால் மிரண்டுவிடும்.

சுப்பிரமணி


செம்மநத்தம்,
29-6-1997

சுப்பிரமணி அவர்களுக்கு,

என் தோட்டம். நான் நிற்பேன்.

உங்கள் மனைவியைப் பற்றி எழுதியதில் கடைசி வரி அதிகம்தான். முதல் வரி அதிகமில்லை.

கூண்டைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிற சில்வர் ஓக்கிலேயே கட்டவும். பன் வைக்க வேண்டாம், புளித்துப் போனால் வயிறு கெடும். உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். அடியில் வைக்கோல் போட்டால் நல்லது. வழியெல்லாம் வளைவு, குட்டி உருளும். இதை நான் சொன்னதாக அங்கே யாரிடமும் பேச வேண்டாம்.

காளியண்ணன்


ஏற்காடு,
9-7-1997

சம்பந்தி காளியண்ணன் அவர்களுக்கு,

இதை மாரிசாமி மாப்பிள்ளையிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உங்கள் ஊரில் பூவாயி கையைத் தாண்டித்தான் வரும்.

ராஜேஸ்வரி நல்லபடியாக வந்து சேர்ந்தாள். பழனியம்மாள் பட்டினி கிடந்த நாளுக்கும் சேர்த்து இரண்டு பேர் சாப்பாட்டைத் தின்கிறாள். ஜீப்பில் வந்தபோது மகள் முன்னால், குரங்குகள் பின்னால். வளைவுக்கு வளைவு இரண்டு பக்கமும் வாந்தி வருமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அடிவாரத்துக்குப் போகிற வண்டியில் கூண்டை மாற்றும்வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா, எங்க மாமனாரு சாப்பிடாமயே நின்னாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆறாம் தேதி நான் பட்ட அவமானத்தை ஊரே பார்த்தது. ஆனாலும் நீங்கள் எங்கே நின்று எவ்வளவு பார்த்தீர்களோ தெரியாது, அதனால் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

காலையில் கூண்டைக் கட்டினோம். என் குரலுக்கு வரும் என்று உங்களுக்கு ஜம்பமாக எழுதியிருந்தேன் அல்லவா? நாக்கைச் சொடுக்கினேன். "வா கண்ணு, வா சாமி" என்று கெஞ்சினேன். என் மகளைக் கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. உங்கள் பேச்சை மீறிக் கொண்டுவந்த பன்னைக் காட்டினேன். கூட்டத்தில் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் கடுவன் கூட வந்தது. மொட்டைவால் மட்டும் மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பழைய கடன்காரனைத் தெருவில் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேனில் ஏற்றியவனை அதற்கு மறக்குமா? உங்கள் வீட்டு வாசலில் மடியில் ஏறியது பாசம் என்று நான் நினைத்திருந்தேன். அது பிஸ்கட்.

பெரியசாமி கேட்டார், "ஏனுங்க, உங்க ஆளே உங்கள மதிக்கலையாட்டம் இருக்குது?"

"எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க" என்றேன். சிரித்தார்கள். மொட்டைவால் வராவிட்டால் கூட்டத்தைப் பிரித்து விட மாட்டோம் என்று வனத்துறை ஆள் சொல்லிவிட்டார். குரங்கு போகாவிட்டால் நீங்கள் மகளை அனுப்பப் போவதில்லை. உள்ளே ராஜேஸ்வரி பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவமானத்தில் ஒதுங்கப் போகிற சாக்கில் உங்கள் காவல் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு பழைய கூடை சாய்ந்து கிடந்தது. உள்ளே சாக்கு விரித்திருந்தது. சாக்கு முழுவதும் பழுப்பு மயிர். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் காபி மண்டி. இடி இடித்தால் அது எங்கே போய் நடுங்குகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரில் யார் சோறு வைக்கிறார்கள் என்பதும் புரிந்தது.

பெரியசாமியும் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க, முடியலீங்களா?" என்றார். வயிறு சரியில்லை என்றேன். கோடு போட்ட டிராயர் கதையைத் தெரிந்தவர் என்பதால் உடனே ஒதுங்கிப் போய்விட்டார். கூடையின் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது, மன்னிக்கவும்.

மத்தியானம் நீங்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடத் தூக்குப்போசியைத் திறந்தீர்கள். மூடியைக் கல்லில் தட்டினீர்கள். தெரிந்து தட்டினீர்களா, பழக்கத்தில் தட்டினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. அது என் தலைக்கு மேல் கிளையில் தாவி, மரத்திலிருந்து இறங்கி, நேராக உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டியது. உங்கள் கையில் இருந்தது தோல் உரித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நீங்கள் தோலோடு தின்கிறவர். நிச்சயத்தன்று என் வீட்டில் தோலை உரித்து வைத்ததற்கு, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று குறை சொன்னவர்.

ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இதென்ன காளியண்ணா, உன்ற பக்கத்துல வந்து உக்காருது?" என்று பெரியசாமி ஆரம்பித்தார். உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீங்களே போட்ட தீர்மானம் உங்கள் மேல் விழப்போகிறது. குழாய், நோம்பி, எல்லாம்.

என் மனதில் ஒரு நிமிடம் என்ன ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். சொல்லிவிடலாம் என்று இருந்தது. பின்வாசல் என்று எழுதியது, சீர் என்று எழுதியது, வாசலில் நிற்க வைத்துக் கேட்டது எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் என் வாயில் இருந்தது. இவ்வளவு ருசியான வார்த்தை என் வாழ்க்கையில் இனி கிடைக்காது.

ஆனால் நான் ஓடி வந்து நாக்கைச் சொடுக்கிக் கூச்சல் போட்டேன். "பாத்தீங்களா, எஞ்சத்தத்துக்கு எறங்கீருச்சு. சோத்தக் கண்டா யாருன்னு பாக்காதுங்க, நான் அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கேன்" என்றேன். எல்லாம் என் பன் செய்த கேடு என்று ஊர் ஒரு மனதாகத் திட்டியது. ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். வாங்கிக்கொண்டேன். நீங்களும் சேர்ந்து திட்டினீர்கள். உங்கள் குரல்தான் எல்லாவற்றையும் விடச் சத்தமாக இருந்தது. அது கொஞ்சம் அதிகம், சம்பந்தி.

அப்புறம் நீங்கள் எழுந்து, யாரையும் பார்க்காமல், போசியோடு கூண்டுவரைக்கும் நடந்தீர்கள். அது உங்கள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. உங்கள் வேட்டி அவிழவில்லை. கிழங்கை உள்ளே வைத்தீர்கள். உள்ளே போனது. கயிறு என் கையில் இருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் இழுத்தேன்.

இதனால் நாம் சமாதானம் ஆகிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடைந்த ஓட்டை நான் மாற்றப் போவதில்லை. என் செருப்பு இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சில்வர் ஓக் விஷயத்தில் நான் எழுதியதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். ஏரிக்கரையில் புதிதாக இரண்டு குரங்குகள் வந்திருக்கின்றன. எங்கே எந்த மரம் விழுந்ததோ. கடை முன்னால் பன் போடக்கூடாது என்று பலகை எழுதி வைத்திருக்கிறேன். வியாபாரம் பாதியாகிவிட்டது. அதற்கும் உங்களைத்தான் திட்டுகிறேன்.

வளைகாப்புக்கு வாருங்கள். முன்வாசல் வழியாக.

ஒன்று பாக்கி இருக்கிறது. கூண்டை ஜீப்பில் ஏற்றியபோது மொட்டைவால் கம்பிக்கு வெளியே வலது கையை நீட்டிக்கொண்டே இருந்ததல்லவா? "பாருங்க, வளத்தவன விட்டுப் போக மனசில்லாம கை நீட்டுது" என்று எல்லோரும் என்னைச் சொன்னார்கள். ஆமாங்க என்று தலையாட்டி, கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டேன். நான் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தேன், கை நகரவில்லை. எனக்குப் பின்னால் காலிப் போசியோடு நின்றது யார் என்பதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை.

சுப்பிரமணி